திரை இருண்டால் கணிப்பொறி செத்ததா?

1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்கு, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் வந்தன. அவற்றில் ஒன்று எங்காவது ஓர் அலமாரியில் தூசி படிந்து கிடைத்தால் என்ன செய்கிறோம்? இக்கால மானிட்டருடன் எப்படியோ இணைத்துப் பார்க்கிறோம். படம் வரவில்லை. உடனே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். இது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

முதலில் காதால் சோதியுங்கள். (அதற்கு முன், மின்வழங்கியிலுள்ள பழைய வடிகட்டி மின்தேக்கிகளை விவரம் தெரிந்தவரைக் கொண்டு மாற்றிவிட வேண்டும், அவை வெடித்துப் புகைவதில் பெயர் பெற்றவை!) விசையைப் போட்டதும் தாழ்ந்த ஒலி ஒன்றும், அடுத்து உயர்ந்த 'பீப்' ஒலியும் கேட்டால் கணிப்பொறிக்கு உயிர் இருக்கிறது.

அப்படியானால் திரை ஏன் இருண்டது? நம் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் 15,625 வரிகள். பி.பி.சி. மைக்ரோவின் வேகமும் அதுவே. பிற்காலத்து வி.ஜி.ஏ. மானிட்டரோ நொடிக்குச் சுமார் 31,500 வரிகளை எதிர்பார்க்கிறது. வேகம் ஒத்துவராததால் பல மானிட்டர்கள் படம் காட்டுவதில்லை.

டி.வி.யின் ஆண்டெனாத் துளையில் செருகலாமே என்பீர்கள். படத்தை வானொலி அலைமேல் ஏற்றி, மறுகணமே இறக்குவது, கோட்டாற்றிலிருந்து வடசேரிக்குத் திருவனந்தபுரம் சுற்றிப் போவது போன்றது. அலைச்சல் மட்டுமல்ல, சேதமும் உண்டு. வரிக்கு 80 எழுத்துகள் காட்டும்போது இக்கணிப்பொறி நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் புள்ளிகள் என்ற வேகத்தில் எழுதுகிறது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வந்தால் அது 8 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி அலைவரிசையில் படத்துக்குக் கிடைத்ததோ 5 மெகாஹெர்ட்ஸ். எழுத்துகள் மசமசவென்று குழம்பாமல் என்ன செய்யும்?

ஆகவே பின்புறத்து 'வீடியோ அவுட்' துளையைத் தேடுங்கள். அதிலிருந்து டி.வி.யின் மஞ்சள் துளைக்கு நேராகக் கம்பி இழுக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் கறுப்பு வெள்ளைப் படம்தான் கிடைக்கும். எழுத்துப் படிக்க அது போதும். பழைய கண்காணிப்புக் கேமரா மானிட்டர் இதற்கு இன்னும் பொருத்தம். பலவற்றில் அதே பி.என்.சி. துளை இருக்கும். வண்ணம் வேண்டுமானால் பக்கத்திலுள்ள 'ஆர்.ஜி.பி.' துளை இருக்கிறது. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன.

படக்குழாய் மானிட்டரின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பின்னும் அதில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம்.