தகுதி என்பது யாருடைய சொத்து?

இராஜபாளையத்து நூற்பாலைகளில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் 'டிரைவ்' வைத்திருப்பார்கள். 50 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை அது மாற்றித் தரும். மோட்டார் அதற்கேற்பச் சுழலும். இதை ஆராயும் துறைதான் பவர் எலக்ட்ரானிக்ஸ்.

ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இத்துறையின் பேராசிரியர் நாற்காலியில் அந்தத் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும், 'தகுதி' என்று பதில் வருகிறது.

அந்தத் தகுதி எப்படி உருவாகிறது? கணினியில் உருவகப்படுத்திக் காட்டினால் மட்டும் போதாது. சுற்றைக் கட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். சோதனையில் ஒரு ஐ.ஜி.பி.டி. கருகினால் வேறொன்று வாங்கப் பணம் வேண்டும். உதவித்தொகை தாமதமானால் ஆய்வும் நிற்கும். நெறியாளரின் ஆதரவு, ஆய்வகம், நிதி, அதன்பின் கட்டுரை, அதன்பின் பதவி. இந்தப் படிகளில் எதுவும் சாதிக்கு வெளியே இல்லை.

ஐ.ஐ.டி.க்களைப் பாருங்கள். 2008இல் வந்த மத்திய அரசு உத்தரவு, தொழில்நுட்பத் துறைகளில் இடஒதுக்கீட்டைத் தொடக்கநிலை ஆசிரியர் பணியோடு நிறுத்தியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம்தான் பேராசிரியர் பதவி வரையிலான நேரடி நியமனங்களுக்கும் அதை விரித்தது. மறு ஆண்டே, ஐ.ஐ.டி. டெல்லி இயக்குநர் தலைமையிலான குழு, ஐ.ஐ.டி.க்களுக்கு விலக்குக் கேட்டது. சொன்ன காரணம், சிறப்புத் தரம். நூற்றாண்டுகளாக ஒரு சிலருக்கே கிடைத்த வாய்ப்புக்குத் தரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் ஊர் நிலை? ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இராஜபாளையத்தில் தனியார் பொறியியல் கல்லூரி இருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் இத்தகைய சுயநிதி நிறுவனங்களில்தான். ஆனால் இங்கே சுயநிதி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்தை இடஒதுக்கீட்டுச் சட்டம் தொடுவதில்லை. கட்டணம் கட்டும் வரிசையில் நமக்கு இடமுண்டு. பாடம் நடத்தும் மேடைக்கு உத்தரவாதமில்லை.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று ஒவ்வொரு நிலையிலும் சமூகவாரிக் கணக்கை எல்லா நிறுவனங்களும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நிரப்பாத பின்னடைவுப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். சுயநிதி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்துக்கும் சட்டம் வர வேண்டும்.

மோட்டார் மெதுவாகச் சுழன்றால் பொறியாளர் முதலில் மோட்டாரைக் குறை சொல்வதில்லை. அதற்கு வரும் மின்சாரத்தை அளந்து பார்க்கிறார். மனிதர்களிடம் வரும்போது மட்டும் அந்தப் பாடம் ஏன் மறந்துபோகிறது?