குளிரில் அடம்பிடிக்கும் டீசல் கார்... பேட்டரி மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஜனவரி மாத அதிகாலை. ஊட்டி புல்வெளிகளில் உறைபனி. டாக்ஸி டிரைவர் ஒருவர் தன் பழைய டீசல் காரில் சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. நாலாவது முயற்சியில்தான் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வருகிறது. நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடுகிறார்.

"காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்ணா. மேட்டுல பிக்கப்பும் இல்ல, பிரேக் வேற ஹார்டா இருக்கு. புது பேட்டரி போட்டுரலாமா?"

"அவசரப்படாத தம்பி. இது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு" என்கிறார் மெக்கானிக்.

பலர் குழம்புவது இங்கேதான். பெட்ரோல் காரில் வாக்யூம் லீக் இருந்தால் ஸ்டார்ட்டிங்கே தகராறு செய்யும். டீசல் காரில் பெரும்பாலும் அப்படியில்லை. வாக்யூமுக்கென்று தனி பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்கும், பல கார்களில் டர்போவுக்கும் அதுதான் பலம். ஆகவே அங்கே லீக் என்றால் பிரேக் ஹார்டாகும், மேட்டில் இழுவை குறையும். காலை ஸ்டார்ட்டிங் வேறு கதை.

புகை சொல்லும் சேதி

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 15 முதல் 22-ல் ஒரு பங்காகச் சுருக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த இன்ஜின் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றும் அடர்த்தி குறைவு என்பதால் சிரமம் இன்னும் கூடும்.

* செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். சுற்றும்போது வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி மீது சந்தேகம் நியாயம்தான்.
* நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் வருகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக்கை மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓம்ஸ்தான் காட்டும். செத்த பிளக்கில் இணைப்பே இருக்காது. பிளக் சரியென்றால் ரிலே, ஃபியூஸ்.
* புகையே இல்லையா? டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டர் மேல் ஹேண்ட் பம்ப் இருந்தால் அழுத்திவிட்டு முயலுங்கள். உடனே ஸ்டார்ட் ஆனால், எங்கோ காற்று புகுந்து இரவில் டீசல் டேங்குக்கே திரும்புகிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. உள்ளேயே வெடித்து இன்ஜின் சேதமாகலாம்.

பிரேக்கில் ஒரு நிமிட டெஸ்ட்

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வாக்யூம் போகவில்லை, அல்லது பூஸ்டரே பழுது.

அடுத்து, ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடைத்து, கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ, லீக் அந்தப் பாதையில். பெரும்பாலும் ஹோஸின் முனைதான் வெடித்திருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: சமவெளியில் காட்டுவதைவிட ஊட்டியில் கேஜ் சுமார் 7 அங்குலம் குறைவாகக் காட்டும். அங்கே காற்றழுத்தமே குறைவு. அதைப் பார்த்து நல்ல பம்ப்பை மாற்றிவிடாதீர்கள்.

அந்த டாக்ஸியில் இரண்டு ஹீட்டர் பிளக் போயிருந்தன. டர்போவுக்கும் பூஸ்டருக்கும் பிரியும் இடத்தில் ஹோஸ் வெடித்திருந்தது. பேட்டரி நன்றாகவே இருந்தது.

"இறக்கத்துல டீசல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணுவியா?" என்று மெக்கானிக் கேட்க, டிரைவர் தலையைச் சொறிகிறார்.

கல்லட்டி மலைப்பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். இன்ஜின் அணைந்தால் வாக்யூம் பம்ப்பும் நிற்கும். இரண்டு மூன்று மிதியிலேயே பூஸ்டரின் பலம் தீர்ந்துவிடும். ஹோஸ் லீக் இருந்தால் அதுகூட மிஞ்சாது.

காலையில் ஸ்டார்ட் ஆகாத கார் உங்களை வீட்டிலேயே நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். பிரேக் ஹார்டான காரை மலையில் இறக்காதீர்கள்.