‘பதனப்பொருள் இல்லை’ என்பது பெருமையா?

கொடைக்கானலின் மார்கழிக் குளிரில் தோல் வறண்டு வெடிப்பது புதிதன்று. அதற்கெனத் தாவர எண்ணெய்களால் ஆன வீட்டுத் தயாரிப்புக் களிம்புகள் மலைக் கடைகளில் விற்கப்படுகின்றன. ‘இரசாயனம் இல்லை, பதனப்பொருள் இல்லை’ என்று சிலவற்றின் மேல் எழுதியிருக்கும். அவற்றை நோயாளிக்குப் பூசலாமா என்று உறவினர்கள் எங்களைக் கேட்பதுண்டு. தாவர எண்ணெய்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும், நீர் கலந்த களிம்பின் மேல் அவ்வாசகம் இருந்தால் அதைப் பெருமையாகவன்று, எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா. அவற்றைப் பிணைத்து நிறுத்த இடையில் ஒரு பொருள் வேண்டும். அதனைப் பால்மமாக்கி என்பர். பால் இயற்கை தந்த பால்மம்: கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கின்றன. வெண்ணெயில் நிலை மாறி, கொழுப்புக்குள் நீர்த்துளிகள் அடைபட்டுள்ளன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் தேன்மெழுகு, எண்ணெய், நீர் ஆகியவற்றைக் குழைத்துச் செய்ததே இன்றைய ‘கோல்டு கிரீமின்’ முன்னோடி. தேன்மெழுகு மட்டும் அக்கலவையை நெடுநாள் தாங்காது. எனவேதான் பிற்காலத்தில் அதனுடன் வெண்காரம் சேர்த்தனர்.

பிரிந்து போகாத களிம்பும் கெட்டுப்போகலாம். நீர் உள்ள இடத்தில் கிருமிகள் வளரும். நம் முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். தைலம் காய்ச்சும்போது மூலிகைச் சாற்றின் நீர் முழுதும் வற்றும்வரை அடுப்பைவிட்டு இறக்கமாட்டார்கள். திரியை அதில் நனைத்துக் கொளுத்துவார்கள். சடசடவென்று ஒலித்தால் நீர் இன்னும் இருக்கிறது, பதம் வரவில்லை என்று பொருள். நீரற்ற தைலத்துக்குப் பதனப்பொருள் தேவைப்படவில்லை. அந்த நியாயத்தை, பன்னீரோ கற்றாழைச் சாறோ சேர்த்த களிம்புக்கும் பொருத்துவது பிழை. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும், கிருமிகளைத் தடுக்காது. நறுமணத்துக்காகச் சில துளி யூகலிப்டஸ் தைலம் விடுவதும் போதிய காவலாகாது.

இடமாற்றமும் ஒரு சோதனை. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், கோடையிலும் குளிர்ந்திருக்கும் ஊரில் கட்டியாக நின்ற களிம்பு, வத்தலக்குண்டு தாண்டி மதுரை வெயிலுக்குப் போனதும் இளகிப் பிரியக்கூடும். ஆகவேதான் முறையாகத் தயாரிப்போர் வெப்பத்திலும் குளிரிலும் மாறி மாறி வைத்துப் பார்த்த பின்னரே விற்பனைக்கு அனுப்புகின்றனர்.

உடல்நலம் உள்ளவருக்குக் கெட்ட களிம்பால் ஓர் அரிப்போடு போகலாம். புற்றுநோய் மருந்து பெறுபவர், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர், புண்ணோ தீக்காயமோ உடையவர், பச்சிளங்குழந்தை ஆகியோருக்கு அதுவே கடுந்தொற்றாகலாம். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நீர் கலந்த களிம்பில் வளரவல்லவை. அவை இருப்பதை நிறமோ மணமோ எப்போதும் காட்டிக்கொடுப்பதில்லை.

மலையில் களிம்பு செய்து பிழைக்கும் பெண்கள் அத்தொழிலை விடவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நீரே சேர்க்காமல் எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும் கொண்டு செய்வது அவர்களுக்கு எளிய வழி. அப்போதும் கலமும் கையும் ஈரமின்றி இருக்கவேண்டும். நீர் சேர்த்தால், ஏற்ற பதனப்பொருளை உரிய அளவில் சேர்க்கவேண்டும். விற்பனைக்குச் செய்வோர் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின்படி உரிமம் பெறவேண்டும்.

வாங்குவோர் உரிம எண், தொகுதி எண், பயன்படுத்தவேண்டிய காலம் ஆகியவற்றைப் பாருங்கள். நீர் பிரிந்து நின்றாலும் மணம் மாறினாலும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். களிம்பை ஈரக்கையால் எடுக்காதீர்கள். திறந்த புண்ணில் மருத்துவர் சொல்லாத எதையும் பூசாதீர்கள். யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தையின் முகத்தில் தடவாதீர்கள். சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து என்பதால் அதன் கைக்கு எட்டாமலும் வையுங்கள்.

ஐயமிருந்தால் அந்தக் குப்பியை அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டு வாருங்கள். அதில் எழுதியிருப்பதைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.