தடைச் சட்டமும் தறி வீட்டுக் கூலியும்

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்யும் ஒன்றியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்குக்கு இதில் இடமில்லை. ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே எடுத்துக்கொண்டுள்ளது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் செயலாளர்கள், கூலி வரவான மறுநாளே முன்பணம் கேட்டு வரும் உறுப்பினரை நினைத்துக்கொள்ளட்டும். தடையை இவ்விதழ் வரவேற்கிறது.

அதற்காகத் தமிழ்நாட்டின் ஒழுங்குமுறையைக் கைவிட்டுவிடக் கூடாது. நம் இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. ஆதார் சரிபார்ப்பு, 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி மறுப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்ட நிறுத்தம், ஒரு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கொரு எச்சரிக்கை, செலவுக்கு நாள், வார, மாத வரம்பு. நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. விதிகள் செல்லும் என்று ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தக் காப்பெல்லாம் சட்டத்துக்குக் கட்டுப்படும் நிறுவனத்திடம் மட்டுமே செல்லும். வெளிநாட்டிலிருந்து பெயர் மாற்றி மாற்றி வரும் தளங்களுக்கு ஆதாரும் கிடையாது, நள்ளிரவும் கிடையாது. அவற்றை முடக்காவிட்டால் தடை காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒன்றியச் சட்டமும் மாநில விதிகளும் ஒருவரைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆடுபவர்தான் வாடிக்கையாளர்; காப்பு அவருக்கு. பணயம் வைக்கப்படுவது யாருடைய உழைப்பு? கோர்வைச் சேலை தனி ஆளால் ஆகாது. ஒருவர் தறியில் உட்கார்ந்து உடலுக்கு நாடா போட, கரைக்கான நாடாவை ஓரத்தில் இன்னொருவர் வாங்கிக் கொடுக்கிறார். பெரும்பாலும் அது மனைவி. விடியலில் தார் சுற்றுபவரும் அவர்தான். சேலை அறுத்துக் கொடுத்ததும் கூலி முழுவதும் ஒரே பெயரில், ஒரே வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அந்தக் கணக்கோடு இணைந்த கைப்பேசியில்தான் ஆட்டமும் நடக்கிறது. ஒரே இரவில் போவது இரண்டு பேரின் பதினைந்து நாள் பாடு.

உறுப்பினர் பதிவேட்டில் இணைப்பெயர் வேண்டும், கூலியைப் பிரித்து வரவு வைக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக எழுதிவருகிறோம். கோரிக்கை மேசை மாறுகிறதே தவிர முடிவு வருவதில்லை. கைத்தறி நாள் மேடையில் நெசவாளர் குடும்பம் என்று வாய் நிறையப் பேசுகிறவர்கள், கூலிப் பட்டியலில் அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்க்கட்டும். சங்கங்களுக்குத் தர வேண்டிய தள்ளுபடி மானியத்தை நிலுவையில் போட்டுக் கூலியையும் தாமதிக்க வைப்பவர்களுக்கு, நெசவாளர் ஏன் குறுக்கு வழியில் பணம் தேடுகிறார் என்று கேட்க என்ன உரிமை இருக்கிறது? சிங்கப்பூரில் குடும்பத்தாரே விண்ணப்பித்து, விசாரணைக்குப் பின், ஒருவரைச் சூதாட்ட விடுதிக்குள் விடாமல் தடுக்க முடிகிறது. அங்கே மனைவிக்கு இருக்கும் குரல் இங்கே ஏன் இல்லை?

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. வரும் பேரவைக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றி அனுப்ப வேண்டும்: தறியில் உழைக்கும் இருவருக்கும் கூலியைப் பிரித்து வரவு வைப்பது, இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே முன்பணம் தருவது.