இல்லம் வைத்தியசாலையானால்

வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே 1990களில் வெளிப்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அதன் மூலகாரணம் இன்றுவரை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. சிங்களக் கமக்காரன், தமிழ்க் கமக்காரன் என்ற பேதமும் அந்நோய்க்கு இல்லை. 2021ஆம் ஆண்டு பொலநறுவையில் சிறுநீரக நோயாளர்க்கெனத் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வைத்தியசாலைக் கட்டில்களை எண்ணுவோர், வீட்டுக் கட்டிலருகே விழித்திருப்பவரை எண்ணுவதில்லை. அவர்களுக்காகவே இன்று எழுதுகிறோம்.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர், இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரிக்க வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் அங்கேயே கிடக்கவேண்டும். பஸ் எட்டாத கிராமத்தவர்க்கு இது எளிதோ? அன்னவர்க்கு, வீட்டிலேயே செய்யத்தக்க வயிற்றுவழிச் சுத்திகரிப்பு பெரும் உதவியாகும். வயிற்றிற் பொருத்திய மென்குழாய் வழியாக மருந்து நீரைச் செலுத்தி, சில மணி நேரத்தின்பின் அதைக் கழிவுடன் வெளியேற்றிப் புதுநீர் இடுவதே அம்முறை. பொதுவாக நாளொன்றுக்கு நான்கு தடவை. தடவைக்கு இரண்டு லீற்றர், அரைமணி நேரம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 120 பைகள், 240 லீற்றர். நாள்தோறும் இரண்டு மணி நேரம். பொங்கலுக்கும் விடுமுறை இல்லை, தீபாவளிக்கும் இல்லை. காலபோக அறுவடையாயினும் நண்பகலில் வயலைவிட்டு வீடு திரும்பியே ஆகவேண்டும். கை கழுவுவதில் ஒருநாள் அசட்டை செய்தால் கிருமி வயிற்றினுட் புகும்; வெளிவரும் நீர் கலங்கினால் உடனே வைத்தியரிடம் ஓடவேண்டும். வைத்தியசாலையில் இப்பணியைச் செய்யும் தாதிக்குப் பயிற்சியுண்டு, சம்பளமுண்டு. வீட்டில் செய்யும் மனைவிக்கும் மகளுக்கும் என்ன உண்டு?

நோயாளர் இயன்றதைத் தம் கையாலேயே செய்து, வீட்டார் இருவர் முறைமாறித் துணைநின்றால் சுமை பாதியாகும். அனைத்தையும் ஒருத்தியின் தலையிற் சுமத்தினால், அவ்வீட்டில் ஒரு நோயாளி இரு நோயாளியாவது திண்ணம்.

“பெண் வீட்டில்தானே இருக்கிறாள், அவளுக்கேன் உதவிப்பணம்?” எனச் சிலர் வினவுவர். இது நீதிமன்றத்திலே தோற்றுப்போன வாதம். பிரித்தானியாவில் நோயுற்றோரைப் பராமரிப்பவர்க்கு 1976இல் உதவிப்பணம் வழங்கப்பட்டபோது, கணவருடன் வாழும் பெண்கள் விலக்கப்பட்டனர். தாயைப் பராமரிக்கத் தொழிலைத் துறந்த ஒரு பெண் வழக்காடினார். அவ்விலக்கு ஆண் பெண் சமத்துவத்துக்கு முரணானது என ஐரோப்பிய நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது.

நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் அரசாங்கம், கட்டிலையும் தாதியின் உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. அம்மிச்சத்திற் பங்கு கேட்பது பிச்சையன்று, உரிமை. வீட்டுக்கு இருவர்க்குத் தாய்மொழியிற் பயிற்சி, மருந்து நீர் வாசலுக்கே வந்துசேரும் ஏற்பாடு, காலந்தவறாத தாதியின் வருகை, பராமரிப்பவர்க்கு மாதாந்த உதவிப்பணம் ஆகிய நான்கையும் நாம் கோருகிறோம்.

அரசாங்கம் அசையும்வரை நாமும் கைகட்டி நிற்கலாகாது. சட்டத்தரணிகள் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். வைத்தியர்கள் கிராமந்தோறும் சென்று பயிற்றட்டும். கமக்காரர் சங்கங்கள் அவ்வீட்டு வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சட்டும். அயல் வீட்டின் சுமையிற் கைகொடுக்காத சமூகம், அரசாங்கத்திடம் நீதி கேட்கும் தகுதியை எங்ஙனம் பெறும்?