மலை மண்ணும் வேர்ப்பங்கசும்: கந்தப்பளை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

தேயிலைச் செடியின் வேருக்குள் ஒரு பங்கசு குடியிருக்கிறது. அதன் இழைகள் ஒரு பக்கம் வேரின் உயிரணுக்களுக்குள் நுழைந்து கிளைவிடுகின்றன. மறுபக்கம் வேரைத் தாண்டி மண்ணுக்குள் பரவுகின்றன. பாடநூலில் பங்கசு என்று எழுதப்படுவதைத் தோட்டத்தில் பூஞ்சணம் என்பார்கள். வேரோடு கூட்டாக வாழும் இந்த வகைக்கு மைக்கோரைசா, அதாவது வேர்ப்பங்கசு என்று பெயர். ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க் 1885இல் இட்ட பெயர் அது. உறவு அதைவிட மிகப் பழையது. ஸ்கொட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டு வயதுள்ள தாவரப் புதைபடிவங்களிலும் இத்தகைய பங்கசின் தடம் இருக்கிறது. இன்றும் நிலத்தில் வளரும் தாவர இனங்களுள் 100க்கு 70க்கு மேற்பட்டவை இந்தக் கூட்டில் வாழ்கின்றன. தேயிலை, லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு, போஞ்சி எல்லாம் அவற்றுள் அடங்கும்.

கொடுக்கல் வாங்கல் எளிமையானது. செடி இலையில் செய்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைப் பங்கசுக்குக் கொடுக்கிறது. பதிலுக்குப் பங்கசு நீரையும், பொசுபரசையும், நாகம், செம்பு போன்ற நுண் சத்துகளையும் கொண்டுவந்து தருகிறது. இவற்றுள் பொசுபரசுதான் முக்கியம். யூரியாவிலிருந்து வரும் நைதரசன் நீரில் கரைந்து வேரைத் தேடி ஓடும். பொசுபரசு அப்படி ஓடாது. கந்தப்பளை போன்ற உயர் மலையின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. வேர் தன்னைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சிவிட்டால், அதற்கு அப்பால் இருப்பது பக்கத்திலிருந்தும் எட்டாது. பங்கசின் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வேர் நுழைய முடியாத மண்துகள் இடுக்குகளில் அது புகுந்து, சில சென்டிமீட்டர் தூரம் வரை போய்ப் பொசுபரசை எடுத்து வருகிறது. ஒரு கிராம் நல்ல மண்ணில் இந்த இழைகளை நீட்டி அளந்தால் பல மீட்டர் வரும்.

அதே இழைகள் மண்துகள்களைச் சுற்றிக் கட்டி, சிறு உருண்டைகளாக்கி வைக்கின்றன. அப்படிக் கட்டுண்ட மண் மழைநீரை உள்ளே விடும். கட்டில்லாத மண் சேறாகிக் கானுக்குள் இறங்கும். சாய்வான மலையில் பயிர் செய்யும் ஊருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. ஆழத்தில் போகும் நிலச்சரிவைப் பங்கசு தடுத்துவிடாது. ஆனால் ஒவ்வொரு மழையிலும் மேல்மண் கரைந்து போவதை அது குறைக்கும்.

வேர்ப்பங்கசு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. காற்றிலுள்ள நைதரசனை அது பிடிப்பதில்லை. மண்ணில் இல்லாத சத்தை அது உண்டாக்குவதும் இல்லை. உதிர்ந்த இலையையும் கவ்வாத்துக் கிளையையும் மக்கவைப்பவை வேறு பங்கசுகளும் பக்டீரியாக்களும். அவை விடுவிக்கும் சத்தை வேர்வரை சுமந்து வருவதே வேர்ப்பங்கசின் வேலை. உயிருள்ள வேர் இல்லாமல் அது வாழாது. செடி பிடுங்கப்பட்டு, புல்லும் அழிக்கப்பட்டு, மண் வெறுமையாகக் கிடந்தால் அது பட்டினியில் அழியும். வித்திகள் மட்டும் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

மலையகத்தில் பங்கசு என்றாலே பகை என்ற எண்ணம் ஊன்றிப் போனதற்குக் காரணம் உண்டு. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த அழிவின் மேல்தான் தேயிலை பரவியது. 1946இல் கொப்புள நோய் வந்தது. அதை அடக்கச் செம்பு மருந்து அடிப்பது வழக்கமாயிற்று. செவ்வேர் நோய் இன்றும் செடிகளைக் காயவைக்கிறது. நோய் தரும் பங்கசுக்கு மருந்து வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் சேரும் செம்பு, உதவும் பங்கசையும் தாக்கும் என்பதைத் தோட்டங்களில் பேசுவோர் மிகக் குறைவு. ஆல்பர்ட் ஹொவார்ட் என்ற வேளாண் அறிஞர் 1937-38இல் இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, தேயிலை வேரில் இப்பங்கசு இருப்பதையும் மக்கு நிறைந்த மண்ணுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் 1940இல் தன் நூலில் எழுதினார். 80 ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த அறிவு மலைக்கு வந்து சேரவில்லை.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரத்தைக் கொண்டுவந்தது திட்வா புயல். 2025 நவம்பர் கடைசியில் அது நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. இறந்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் செய்ய வேண்டியது முதலில் வருகிறது. அதில் இரண்டு கருத்து இல்லை. அதற்கு அடுத்தபடியாக, சரிந்த மலைகளிலும் கரைந்த மரக்கறித் தோட்டங்களிலும் என்ன செய்யப்படுகிறது என்பதே இந்த வேண்டுகோளின் பொருள்.

சரிவில் போனது வெறும் மண் அல்ல. உயர் மலையில் மேலே கறுப்பாகக் கிடக்கும் மண்ணில்தான் மக்கும், நுண்வேர்களும், பங்கசு இழைகளும், வித்திகளும் இருக்கின்றன. அது வழுக்கிப் போனால் எஞ்சுவது மஞ்சளும் சிவப்புமான அடிமண். அதில் பொசுபரசு பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் பங்கசு அரிதாகவே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூறாண்டுகூட ஆகலாம். அந்த அடிமண்ணைக் கொத்திச் சமன்செய்து, கோழி எருவையும் மூட்டைப் பசளையையும் கொட்டி, அடுத்த போகத்துக்கு நாற்று நடுவது திருத்தமல்ல. பங்கசு இல்லாத மண்ணில் கொட்டிய பொசுபரசில் பெரும்பகுதி மறுபடியும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து நின்றுவிடும். மீதி அடுத்த மழையில் மண்ணோடு சேர்ந்து மகாவலிக்குப் போகும். செலவழித்தவர் கையில் கடன் மட்டும் இருக்கும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் இருக்கிறது. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் கௌதமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ 18 முதல் 24 மாதம் வளர்க்க வேண்டும் என்பது அதன் நெடுநாள் பரிந்துரை. புல்லின் நெருங்கிய வேர்கள் மண்ணைக் கட்டுகின்றன. வெட்டிப் போடும் தாள் மக்காகிறது. அந்தப் புல்லின் வேர்களிலும் வேர்ப்பங்கசு வாழ்கிறது. அதாவது தேயிலை வருவதற்கு முன்பே அதற்கு வேண்டிய கூட்டாளியைப் புல் வளர்த்து வைக்கிறது. இந்த 2 ஆண்டையும் வருமானமில்லாத காலம் என்று கணக்குப் பார்த்துச் சுருக்குபவர்களும், புல்லே நடாமல் கன்றை நடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அடுத்த 30, 40 ஆண்டுக் கொழுந்து எழுதப்படுவதில்லை. கொழுந்து குறையும்போது அதைச் சுமப்பவர் கணக்கு எழுதியவர் அல்ல. நிர்ணயித்த கிலோ நிரம்பாத நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுவது கூடை சுமந்த பெண்ணுக்கே. மண் மெலிந்ததற்கு அவள் கூலியில் தண்டம் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

ஒரு நாள் கொழுந்து மண்ணிலிருந்து எவ்வளவு கொண்டுபோகிறது என்பதைப் பார்க்கலாம். 18 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். தூளில் 100க்கு 4 பங்கு நைதரசன் என்பதால், ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தோடு சுமார் 160 கிராம் நைதரசன் மலையை விட்டு இறங்குகிறது. அதை ஈடுசெய்ய 350 கிராம் யூரியா வேண்டும். ஒரு ஹெக்டயரில் ஆண்டுக்கு 1,000 கிலோ தூள் எடுத்தால் 40 கிலோ நைதரசன் போகிறது. பொசுபரசோ நாலைந்து கிலோவைத் தாண்டாது. ஆக, நைதரசனைத் திருப்பிப் போட்டே ஆக வேண்டும். பொசுபரசில் பங்கசு நம்மைத் தாங்கும் இடம் பெரியது. கவ்வாத்துக் கிளைகளை மலையிலேயே விட்டால் அவற்றிலுள்ள சத்தும் அங்கேயே மக்கும். விறகுக்கு இழுத்துக்கொண்டு போனால் அதுவும் நட்டம். அடுப்புக்கு வேறு விறகு கொடுக்காமல் தொழிலாளரை மட்டும் குறைசொல்வதும் சரியல்ல.

இந்தக் கணக்கைப் பாராமல் எடுத்த முடிவு என்ன செய்யும் என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. மக்கு சேர்க்கவோ, பங்கசு பெருகவோ, செடி பழகவோ ஒரு போகம்கூடத் தரப்படவில்லை. சேதனப் பசளை என்று 20,000 தொன்னோடு வந்த சீனக் கப்பலின் சரக்கில் தீங்கு தரும் பக்டீரியா இருப்பதாகப் பரிசோதனையில் சொல்லப்பட்டு, அது திருப்பி அனுப்பப்பட்டது. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கட்டப்பட்டது. தடை 2021 நவம்பரில் நீங்கியபோது சேதம் முடிந்திருந்தது. முன்பு 1,500 ரூபா அளவில் கிடைத்த 50 கிலோ யூரியா மூட்டை 2022இல் 30,000 ரூபாவைத் தாண்டியது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் 299 மில்லியன் கிலோ. 2022இல் 251 மில்லியன் கிலோ. 2023இலும் அது 256 மில்லியன் கிலோவுக்கு மேல் எழவில்லை. மண்ணின் பெயரால் எடுக்கப்பட்ட அந்த முடிவில் மண்ணின் உயிருக்கு இடமே இருக்கவில்லை. பல ஆண்டு மூட்டைச் சத்தில் வளர்ந்த நிலத்தில் பங்கசு மெலிந்திருக்கும். மூட்டையைத் திடீரென நிறுத்தினால் ஏந்திக்கொள்ள அங்கு யாரும் இல்லை.

மரக்கறித் தோட்டங்களில் நிலை நேர்மாறானது. நுவரெலியாப் பகுதியின் மரக்கறி நிலங்களில் தேவைக்கு மிக அதிகமாகப் பொசுபரசு தேங்கியிருப்பதை மண் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், ஒவ்வொன்றுக்கும் அடியுரம், மேலே கோழி எரு. பொசுபரசு நிறைந்து கிடக்கும் மண்ணில் செடி பங்கசை அழைக்காது. பசித்த வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுத்தான் பங்கசைக் கூப்பிடுகிறது. வயிறு நிறைந்த வேர் அந்தக் கசிவைக் குறைத்துவிடுகிறது. அதனால் உறவு அறுகிறது. அத்தோடு நாகம் போன்ற நுண் சத்துகள் வரும் வழியும் சுருங்குகிறது. பிறகு அதற்கும் தனியாக மருந்து வாங்க வேண்டும்.

பயிர் மாற்றத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. கோவா, நோக்கோல், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றின் வேர் இந்தப் பங்கசோடு சேர்வதில்லை. ஒரே பாத்தியில் கோவாவும் பீட்ரூட்டும் மாறி மாறி வந்தால் பங்கசுக்கு உணவே இல்லை. லீக்ஸ் அதற்கு எதிர். பங்கசை நம்பி வாழும் பயிர்களுள் முன்னணியில் நிற்பது அது. ஆய்வுக்கூடங்களில் இந்த உறவைப் படிக்க லீக்ஸையே வளர்ப்பார்கள். கந்தப்பளையில் வயது வந்த எவருக்கும் லீக்ஸ் பாத்தி தெரியும். அதன் வேரில் இருப்பது தெரியாமல் போனது பெருங்குறை. கோவாவுக்குப் பின் லீக்ஸோ கரட்டோ போஞ்சியோ வருவது விலைக்காக மட்டும் முடிவுசெய்யப்படக் கூடாது.

ஆகவே கந்தப்பளையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் தொழிலாளர்களும், மரக்கறிச் செய்கையாளர்களும், ஆசிரியர்களும் சேர்ந்து ஊர் மக்களையும் தோட்ட நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்வது இது. சரிந்த நிலத்தில் அவசரப்பட்டு எதையும் நட வேண்டாம். கௌதமாலாவோ மானாவோ 18 மாதமாவது நிற்கட்டும். அந்தக் காலத்து வருமான இழப்பைத் தொழிலாளரின் தலையில் கட்ட வேண்டாம். கவ்வாத்துக் கிளையை மலையை விட்டு இறக்க வேண்டாம். மரக்கறிக்கு அடியுரம் போடுமுன் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்; பொசுபரசு மிகுந்திருந்தால் அந்தப் போகத்துக்கு அதை நிறுத்துவது செலவையும் மிச்சமாக்கும். பங்கசு என்று பெயரெழுதிப் போத்தலில் விற்பதை வாங்குமுன், உள்ளே எந்த இனம், உயிரோடு இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

முன்பு வந்த ஒரு பெருவெள்ளத்துக்குப் பின் 1951இல் நாட்டுக்கு மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் செங்குத்தான மலையில் மேலிருந்து கீழாகப் பாத்தி வெட்டுவது நின்றபாடில்லை. திட்வாவுக்குப் பிறகும் அதே பாத்தி வெட்டப்பட்டால், அடுத்த அடைமழையில் போவதற்கு மேல்மண் மிஞ்சாது. கௌதமாலாப் புல்லைத் தண்டை வெட்டித் துண்டு துண்டாக நடலாம். வேரூன்ற ஈரம் மட்டும் போதும். அடுத்த மழை இறங்கும் முன் துண்டுகள் நிலத்தில் இருக்கட்டும்.