மண்ணில் முதுகு படாத மல்லர்

மல்யுத்தம் என்றதும் இன்றைய இளைஞரின் மனக்கண்முன் தோன்றுவது தொலைக்காட்சித் திரையிலே காணும் காட்சியாகும். வண்ண விளக்குகள் மின்ன, வாத்தியங்கள் முழங்க, விசித்திர உடையணிந்த பேருருவத்தினர் மேடைக்கு வருவர், ஒருவரையொருவர் வைவர், நாற்காலியை ஓங்கி அடிப்பர். இன்று வீழ்ந்தவர் அடுத்த வாரம் நலமே எழுந்து வருவார். வெல்பவர் யார் என்பது மேடை ஏறுமுன்னரே முடிவாகிவிட்ட நாடகம் அது. நாடகத்தை நாடகமென்று அறிந்து பார்ப்பதில் தவறில்லை. ஆயினும், முடிவை எவரும் முன்கூட்டி எழுதிவையாத மல்யுத்தம் ஒன்று இருந்தது. அதனையே தொழிலாகக் கொண்டு, ஏறக்குறைய ஐம்பதாண்டுக் காலம் தோல்வி அறியாது நின்ற ஒருவரும் இருந்தார். அவரைப்பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

காமா பயில்வான் என்ற பெயரை நம் மூத்த வாசகர்கள் கேட்டிருப்பர். இந்தியத் துணைக்கண்டத்திலே பலசாலி ஒருவனைச் சுட்டுவதற்கு அப்பெயரே ஒரு பொதுச்சொல்லாக வழங்கிய காலமும் உண்டு. பெயர் நிலைத்துவிட்டது, பெயருக்குரிய மனிதரை உலகம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

பத்து வயதுப் பாலகன்

குலாம் முகம்மது பக்ஷ் என்பது அவருடைய இயற்பெயர். பஞ்சாபிலே, அமிர்தசரஸ் பக்கத்தில், 1878ஆம் ஆண்டில் மல்லர் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். தந்தையாரும் அரசவை மல்லரே. மைந்தன் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை மறைந்தார். பாட்டனாரும் மாமனாரும் பிள்ளையைப் பொறுப்பேற்றுப் பயிற்றினர்.

1888ஆம் ஆண்டு ஜோத்பூர் மகாராசா ஒரு போட்டி நடத்தினார். மற்போரன்று, உட்கார்ந்தெழும் பஸ்கிப் போட்டி. நானூற்றுக்கு மேற்பட்ட மல்லர்கள் அதிற் கலந்துகொண்டனர். ஒருவர்பின் ஒருவராகச் சோர்ந்து விலக, இறுதியிற் பதினைந்துபேர் எஞ்சினர். அப்பதினைந்துபேருள் ஒருவன் பத்து வயதுப் பாலகன். மகாராசா அவனுக்கே முதற் பரிசினை அளித்தார். போட்டியின்பின் சிறுவன் பல நாள் எழுந்து நடமாட இயலாது கிடந்தானாம். பின்னர் ததியா சமஸ்தானத்து மன்னர் அவனை ஆதரித்து வளர்த்தார்.

மல்லர் பயிலும் கோதா வெறும் மண்குழி அன்று. கல்லும் முள்ளும் நீக்கிச் சலித்த மண்ணுடன் எண்ணெய், மஞ்சள், மோர் முதலியன கலந்து அதனைப் பதப்படுத்துவர். விடியுமுன் எழுந்து அம்மண்ணைக் கொத்திப் புரட்டுவதே சீடனின் முதல் வேலை. தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை, கழுத்தில் மாட்டும் கல்வளையம் என்று பயிற்சிகள் தொடரும். ஒழுக்கமும் பிரமசரியமும் அங்கு பாடத்தின் பகுதிகள். இந்து மல்லன் அனுமனை வணங்கிக் கோதாவில் இறங்குவான். முஸ்லிம் மல்லன் அலியின் திருநாமத்தை உச்சரித்து இறங்குவான். இறங்கியபின் இருவர் உடம்பிலும் ஒட்டுவது ஒரே மண். இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இலண்டனில் ஒரு சவால்

காமாவின் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். நிறை ஏறத்தாழ 200 இறாத்தல். மல்லர் உலகில் இது பெரிய உருவம் அன்று. அவருடைய பதினேழாவது வயதில், 1895இல், ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்ற புகழ்பெற்ற மல்லரை எதிர்த்தார். சுல்தானிவாலா ஏழடியை எட்டும் உயரமுடையவர், அனுபவம் மிக்கவர். நெடுநேரம் நீடித்த அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. வளர்ந்தவரை வீழ்த்த வளராத பிள்ளையால் இயலவில்லை. ஆனால், வளர்ந்தவராலும் பிள்ளையை வீழ்த்த இயலவில்லை. காமாவின் புகழ் அன்று தொடங்கிற்று.

1910ஆம் ஆண்டில் சரத் குமார் மித்ரா என்ற வங்காளச் செல்வரின் ஆதரவுடன் காமாவும் அவர் தம்பி இமாம் பக்ஷும் இங்கிலாந்து சென்றனர். அக்காலத்தை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. ஆளும் இனத்தவர் உடலாலும் உயர்ந்தவர் என்ற எண்ணம் ஆளப்படுவோர் உள்ளத்திலும் ஊன்றியிருந்தது. அந்நிலையிற் கோதாவில் நடப்பது விளையாட்டாக மட்டும் இருத்தல் இயலாது.

இலண்டனிலே உருவத்திற் சிறியவர் என்று கூறிக் காமாவைப் போட்டியிற் சேர்க்க மறுத்தனர். அவர் வாதாடவில்லை. எந்த நிறையுடையவராயினும் சரி, மூவரை முப்பது நிமிடத்தில் வீழ்த்துவேன் என்று அரங்கிலே அறிவிப்புச் செய்வித்தார். முதலில் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்க மல்லரும் வைத்தியருமான பெஞ்சமின் றோலர் முன்வந்தார். முதற் சுற்றில் ஒரு நிமிடம் நாற்பது வினாடியிலும், அடுத்த சுற்றில் ஒன்பது நிமிடம் பத்து வினாடியிலும் றோலரின் தோள்கள் நிலத்தைத் தொட்டன. அதன்பின் மூடியிருந்த கதவு தானே திறந்தது.

1910 செப்டெம்பர் 10ஆந் திகதி, ஒலிம்பிக் விளையாட்டுகள் ஈராண்டுகளுக்குமுன் நடைபெற்ற ஷெப்பேட்ஸ் புஷ் மைதானத்தில், போலந்து நாட்டுப் பெருமல்லர் ஸ்ரனிஸ்லாஸ் ஸிபிஸ்கோவுடன் காமா மோதினார். பரிசு 250 பவுணும் ஜோன் புல் பட்டியும். தொடக்கத்திலேயே கீழே கொண்டுவரப்பட்ட ஸிபிஸ்கோ, எழுந்து நின்று பொருவது ஆபத்தென உணர்ந்து, விரிப்பிலே குப்புறப் படிந்துவிட்டார். ஆமைபோல் ஒட்டிக் கிடந்த அப்பேருடலைப் புரட்டுவதற்குக் காமா இரண்டரை மணி நேரத்துக்கு மேலாக முயன்றார், முடியவில்லை. போர் சமநிலையில் முடிந்தது. அடுத்த வாரம் மீண்டும் மோதுவதென முடிவாயிற்று. குறித்த நாளிற் காமா வந்தார், ஸிபிஸ்கோ வரவில்லை. பட்டி காமாவுக்கே வழங்கப்பட்டது.

ஆயினும், வராதவனை வென்ற வெற்றி எந்த மல்லனுக்கும் நிறைவு தருவதன்று. அன்று உலகச் சம்பியனாக விளங்கிய அமெரிக்கர் பிராங் கொச்சுக்கும் காமா அழைப்பு விடுத்தார். அம்மோதல் நிகழவேயில்லை. தாயகம் திரும்பியபின் அலகபாத்தில் முதிய சுல்தானிவாலாவை மீண்டும் எதிர்த்து வென்றார். ‘உருஸ்தம்-இ-ஹிந்த்’ என்ற பட்டம் அவரைச் சேர்ந்தது. உருஸ்தம் பாரசீகக் காவிய வீரன்; நமக்கு வீமனைப் போன்றவன். தாம் எதிர்த்தவர்களுள் மிக வலியவர் யார் எனப் பிற்காலத்தில் வினவியபோது, காமா ஐரோப்பியர் எவரையும் குறிப்பிடவில்லை. சுல்தானிவாலாவின் பெயரையே கூறினார்.

பதினேழாண்டுக் கடன்

ஸிபிஸ்கோவைக் கோழையென்று எண்ணிவிடல் ஆகாது. அவர் மெய்யான மல்லர். 1925இல் அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் வெயின் மன் என்ற உதைபந்தாட்டக்காரரைச் சம்பியனாக்கி வைத்திருந்தனர். அவரிடம் தோற்பதுபோல் நடிக்கவேண்டியவர் ஸிபிஸ்கோ. பிலடெல்பியா மேடையில் அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே பொருதார், மன் மீண்டும் மீண்டும் வீழ்ந்தார். ஏற்பாடு செய்தோர் திகைத்தனர். மல்யுத்தம் நாடகமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் அந்நாடகத்தை ஒருமுறை நிறுத்திக் காட்டிய மனிதர் அவர்.

அத்தகைய ஸிபிஸ்கோ, 1928 ஜனவரியிற் பாட்டியாலா வந்தார். மகாராசா பூபீந்தர் சிங் போட்டியை ஏற்பாடு செய்தார். பல்லாயிரம் மக்கள் திரண்டனர். காமாவுக்கு வயது ஐம்பதை நெருங்கிற்று. இலண்டனில் இரண்டரை மணி நேரத்தில் முடியாதது பாட்டியாலாவில் ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. ஸிபிஸ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது. மறு ஆண்டு ஜெஸ்ஸி பீற்றர்சன் என்ற மல்லரையும் காமா மிக விரைவில் வென்றார். அதன்பின் அவரை எதிர்க்கத் தக்கவர் அகப்படவில்லை.

ஸிபிஸ்கோவின் வாழ்விலே இன்னுமொரு செய்தி உண்டு. 1950இல் வெளிவந்த ‘நைற் அன்ட் த சிற்றி’ என்ற திரைப்படத்தில் அவர் நடித்தார். கதை நிகழும் நகரம் இலண்டன். ஏற்ற வேடமோ, போலி மல்யுத்தத்தை வெறுத்துப் பழைய கலையின் மானத்தைக் காக்க நிற்கும் கிழ மல்லர். இதற்குமேற் பொருத்தமான வேடத்தை அவருக்கு எவராலும் கொடுத்திருக்க முடியாது.

கல்லும் கதையும்

பெரியோரைச் சுற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. பரோடா அரும்பொருட்சாலையில் 1200 கிலோ நிறையுள்ளதாகச் சொல்லப்படும் கல் ஒன்று உண்டு; 1902இற் காமா அதனைத் தூக்கினார் என்று அக்கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று உலகின் மிக வலிய மனிதர் நிலத்திலிருந்து உயர்த்தும் எடை 500 கிலோவைச் சற்றே கடக்கின்றது. எனவே, கல்லை அசைத்தார், சரித்தார் என்றால் நம்பலாம். மார்புவரை ஏந்தி நடந்தார் என்பது அன்பின் மிகுதியால் வந்த அலங்காரமே. நாளொன்றுக்கு ஐயாயிரம் பஸ்கி, மூவாயிரம் தண்டால், வாளி வாளியாகப் பால், வாதுமை என்று அடுக்கப்படும் கணக்குகளையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்துக் கொள்ளவேண்டும். உண்மையே போதிய அளவு பெரிதாக இருக்கும்போது அதனை ஊதிப் பெருக்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காமாவின் உண்மையான வலிமையை அளப்பதற்கு நாம் கல்லிடம் செல்லவேண்டியதில்லை. 1947ஆம் ஆண்டின் இலாகூருக்குச் செல்வோம்.

வாயிலில் நின்ற வீரர்

நாடு இரண்டாகப் பிளந்தது. நேற்றுவரை ஒரே தெருவிற் பால் வாங்கியவர்கள் இன்று ஒருவரையொருவர் கொன்றனர். காமா அப்போது இலாகூரிலே மோகினி வீதியில் வாழ்ந்தார். அயலிலே இந்துக் குடும்பங்கள் பல. வெறிகொண்ட கூட்டம் வந்தபோது, எழுபதை நெருங்கிய அம்முதியவர் தம் சீடர்களுடன் அவர்களுக்கு அரணாக நின்றார். அவர் சமயத்தைச் சேர்ந்தவர்களே அக்கூட்டத்தினர். ஆயினும் அவரைக் கடந்து எவரும் அவ்வீடுகளுட் செல்லவில்லை. பின்னர் நிலைமை மேலும் மோசமாகவே, வழிக்கு வேண்டிய உணவுப் பொருள்களைத் தம் செலவிற் கொடுத்து, அக்குடும்பங்களை எல்லைவரை பத்திரமாக அனுப்பிவைத்தார்.

அனுமனை வணங்கியவனும் அலியை அழைத்தவனும் ஒரே மண்ணைப் பூசிக்கொண்ட கோதாவை முன்னர் குறிப்பிட்டோம். அம்மண்ணிற் கற்றது அன்று அவ்வீதியிற் பயன்பட்டது. அயல் பற்றியெரியும் வேளையில் அயலவனின் வாயிலில் நிற்பது எத்தகைய வீரம் என்பதை நம் நாட்டு வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவருடைய முதுமை இனியதாக அமையவில்லை. சமஸ்தானங்கள் மறைந்தன, மல்லரை ஆதரித்த மன்னர்களும் மறைந்தனர். நோயும் வறுமையும் வந்தன. எல்லைக்கு அப்பாலிருந்து இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா உதவிப்பணம் அனுப்பினார். 1960 மே 23ஆந் திகதி காமா இலாகூரிற் காலமானார். தம்பி இமாம் பக்ஷின் மைந்தர்கள் போலு சகோதரர்கள் என்ற பெயரிற் பாக்கிஸ்தானில் மல்யுத்தத்தை வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான அக்ரம் 1976இற் கராச்சியில் ஜப்பானியர் அன்ரோனியோ இனோக்கியிடம் கை ஒடிந்து தோற்றபோது, நாடே துக்கம் கொண்டாடிற்று. பரம்பரைப் புகழ் என்பது பெருஞ்சொத்து. அதுவே பெருஞ்சுமையும் ஆகும்.

காமா பயிற்சிக்குப் பயன்படுத்திய 95 கிலோ எடையுள்ள வளையம் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அரும்பொருட்சாலையில் இன்றும் இருக்கின்றது. அவருடைய கல்லறையோ இலாகூரில். இரண்டுக்கும் இடையே முள்வேலி. இரு நாட்டவரும் அவரை எங்களவர் என்று உரிமை பாராட்டுகின்றனர், பாராட்டட்டும்.

உடலை வளர்க்க விரும்பும் நம் மாணவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. தண்டால் எடுங்கள், பஸ்கி போடுங்கள், விடியுமுன் எழுங்கள். ஆனால், வளர்த்த வலிமை யாருக்காக என்ற கேள்வியையும் அத்துடன் வளர்த்துக்கொள்ளுங்கள். ஸிபிஸ்கோவை வீழ்த்துவதற்குக் காமாவுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. மோகினி வீதியில் அவர் யாரையும் வீழ்த்தவில்லை, அசையாது நின்றார். அவருடைய வெற்றிகளுள் நாம் முதலில் வைத்து எண்ணவேண்டியது அதுவே.